வைத்தியராக விரும்புவது ஏன் என்னும் வினா

எம்மிடம் ஆறாம் வகுப்பு வரை கற்றுப் பின்னர்ப் பெற்றோருடன் இலண்டன் மாநகருக்குச் சென்ற மாணாக்கன் ஒருவன், சென்ற மார்கழி மாதத்தில் ஓரிரவு எம்மைத் தொலைபேசியில் அழைத்தான். ஆங்குள்ள வைத்தியக் கல்லூரி ஒன்று தன்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கின்றது என்றும், அங்கே கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று மாத்திரம் தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றும், அவ்வொன்றுக்குத்தான் தன்னிடம் விடையில்லை என்றும் கூறினான். "நீர் வைத்தியராக விரும்புவது ஏன்?" என்பதே அவ்வினா.

யாம் முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியத் தொழில் செய்கின்றோம். விடை தெரியாத மாணாக்கனுக்கு விடை எழுதிக் கொடுத்தல் எம் கைக்குப் பழகிப்போன செயல். அன்றிரவே ஆங்கிலத்தில் ஒரு பக்க அளவான விடையொன்றை எழுதி அனுப்பினோம். அவன் ஆறு வயதுப் பாலனாயிருந்த காலத்தில் அவனுடைய அம்மம்மா முட்டு வருத்தத்தினால் நள்ளிரவிலே துன்புற்று, வாடகை வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலே இறந்தார். ஊரார் யாவரும் அறிந்த செய்தி அது. அதனை எடுத்து, மூச்சுவிட இயலாது தவித்த மூதாட்டியின் கையைப் பற்றியவாறு ஒரு சிறுவன் நின்றான் என்றும், ஒன்றுஞ் செய்ய வகையறியாத அந்நிலையே அவனை வைத்தியக் கல்வியின்பால் அழைத்தது என்றும் அழகுபெற எழுதினோம். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது எமக்கே கண் கலங்கிற்று.

இரண்டு நாட் கழித்து அவன் மீண்டும் அழைத்தான். அவ்விடையை அடுக்களையில் நின்று மனனஞ் செய்து ஒப்புவித்தானாம். கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்ற தாயார் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, அண்டைக்கு நீ நித்திரையெல்லோ. உன்னைப் பக்கத்து வீட்டிலே விட்டிட்டுத்தானே நாங்கள் வாகனத்திலே ஏறினது" என்றாராம். அவர் கோபித்துச் சொல்லவில்லை. கணக்கிலே ஒரு பிழையைத் திருத்துவார்போலச் சொன்னார். வழிநெடுக அம்மூதாட்டியைத் தம் மார்பிற் சாய்த்து வைத்திருந்தவர் அத்தாயாரே. பையன் எம்மிடம், "சேர், இதைச் சொல்லலாமோ?" என்று கேட்டான். யாம், "எல்லாரும் இப்படித்தான் சொல்லுகிறார்கள்; நீயும் சொல்லு" என்றோம்.

அவன் சென்று சொன்னான். அக்கல்லூரியில் அவனுக்கு இடங் கிடைத்ததா இல்லையா என்பதை யாம் இங்கே எழுதப்போவதில்லை. என்னை? கிடைத்ததென்றால் எம் செயல் நன்றென்றும், கிடைக்கவில்லையென்றால் தீதென்றும் வாசிப்போர் முடிவுகட்டிவிடுவர். பரீட்சையின் பெறுபேற்றைக்கொண்டு எதனையும் அளக்கும் பழக்கம் உபாத்தியாயராகிய எம்மனோர்க்கு மிகுதி. யாம் கேட்க விரும்புவது வேறு: "எல்லாரும் சொல்லுகிறார்கள், நீயும் சொல்லு" என்று ஓர் ஆசிரியன் தன் மாணாக்கனுக்குச் சொன்னது தகுமோ?

எல்லாரும் சொல்லுகிறார்கள் என்பது பொய்யன்று. பிரித்தானியாவிலே சர்வகலாசாலை விண்ணப்பங்களைத் திரட்டும் யூகாஸ் என்னும் நிலையத்தார், வைத்தியம், பல்வைத்தியம், மிருகவைத்தியம் ஆகிய கல்விகளுக்கும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளுக்கும் வந்த ஏறக்குறைய 50,000 விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டிலே தாம் கண்டதை வெளியிட்டனர். அவற்றுள் 234 பேர், எட்டு வயதில் தமது பைஜாமா என்னும் இரவாடையில் துளை விழும்படி எரித்த நிகழ்ச்சியைச் சொல்லியிருந்தனர். பிறந்தநாட் பரிசாக வந்த இரசாயனப் பெட்டியோடு விளையாடியபோது நேர்ந்ததாம். ஒரு தேசத்திலே ஒரே வயதில் 234 பிள்ளைகளின் ஆடை ஒரே விதமாய் எரிதல் இயலாத காரியம். எங்கோ ஓரிடத்தில் மாதிரியாக வைக்கப்பட்டிருந்த விடையைப் பார்த்தெழுதியவர்களே அவர்கள். வேறு 175 பேர் மூப்பும் பிணியும் உற்ற பாட்டனார் ஒருவரை எழுதியிருந்தனர். யாம் எழுதிக் கொடுத்த அம்மம்மா அந்தப் பாட்டனாருக்கு உறவுமுறை என்பதை அதனை வாசித்தபோது உணர்ந்தோம்.

இதனாலே அந்நாட்டார் அவ்வினாவைக் கைவிட்டாரல்லர். 2026ஆம் ஆண்டில் சர்வகலாசாலை புகுவோருக்கென மாற்றியமைக்கப்பட்ட விண்ணப்பத்திலும், இக்கல்வியை நீர் கற்க விரும்புவது ஏன் என்பதே முதல் வினாவாக நிற்கின்றது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து மக்மாஸ்ரர் சர்வகலாசாலையார் வேறொரு வழியை வகுத்து, அதன் விவரத்தை 2004இல் வெளியிட்டனர். ஒரு குழுவின் முன் மாணாக்கனை நெடுநேரம் இருத்திக் கேளாது, பல சிறிய அறைகளுக்கு அவனை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு பரீட்சகர் சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு காரியத்தைக் கொடுத்துப் பார்ப்பர். ஓரறையில் தருமசங்கடமான ஒரு நிலைமையைச் சொல்லி என்ன செய்வாய் என்பர். மற்றோர் அறையில் துயருற்றவராக நடிக்கும் ஒருவரோடு பேசும்படி விடுவர். ஒருவரது விருப்பு வெறுப்பில் மாணாக்கனின் வாழ்வு தங்காதிருத்தற்கு இது நல்ல ஏற்பாடு. பிரித்தானியக் கல்லூரிகள் பலவும் இதனைக் கைக்கொண்டன. ஆயினும் அவ்வறைகளுள் ஒன்றிலே அந்தப் பழைய வினாவும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கின்றது.

நமது நாட்டிலோ இவ்வினா எழுவதேயில்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவிலே எடுத்த இசட் புள்ளியும் மாவட்டமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. யாழ்ப்பாணச் சர்வகலாசாலையில் 1978இல் வைத்திய பீடம் தோன்றிய நாள்முதல் எத்தனையோ பிள்ளைகள் எம் கிராமங்களிலிருந்து அங்கே சென்று வைத்தியராயினர். அவருள் ஒருவரையேனும், உனக்கு இது ஏன் என்று ஒரு குழுவார் இருந்து கேட்டதில்லை. இதனாலே பொய் சொல்லும் அவசியம் நம் பிள்ளைகளுக்கு இல்லாமற்போயிற்று என்று மகிழலாம். பரிந்துரைக்கு இடமில்லாத முறை என்ற வகையில் யாமும் அதனை மதிக்கின்றோம். ஆனால், கேட்கப்படாத வினாவை எவரும் தமக்குள்ளே கேட்பதில்லை என்பதும் உண்மை. புள்ளி வந்தால் வைத்தியம், சற்றுக் குறைந்தால் பல்வைத்தியம், இன்னுங் குறைந்தால் மற்றொன்று எனப் படிக்கட்டிலே இறங்குவதுபோலப் பிள்ளையின் வாழ்க்கை இறங்கிக்கொண்டு போகின்றது. அங்குள்ள பிள்ளை இரவல் விடையோடு வைத்தியக் கல்வியிற் புகுகின்றான். இங்குள்ள பிள்ளை விடையே இல்லாமற் புகுகின்றான். இவ்விரண்டினுள் எது நன்று என்று எம்மை வற்புறுத்திக் கேட்பாராயின், பின்னதே நன்று என்போம். வெறுங்கையிலே பின்னொருநாள் ஏதேனும் வந்து சேரலாம்.

யாம் இளமையிற் கற்றது ஒரு கிறிஸ்தவ மிஷன் பாடசாலையில். ஆண்டுக்கொரு முறை அங்கே ஒரு கூட்டம் நடக்கும். மாணாக்கர் ஒவ்வொருவராய் எழுந்து தம் மனம் திரும்பிய வரலாற்றைச் சாட்சியாகக் கூறுவர். சைவப் பிள்ளைகளாகிய யாம் பின்வாங்கிலே இருந்து கேட்போம். முதலாவது பையன் கூறும்போது உள்ளம் உருகும். நாலாவது பையன் கூறும்போது, இதனைச் சற்று முன்னரும் கேட்டோமே என்று தோன்றும். பத்தாவது பையன் வாய் திறக்குமுன்னரே அவன் சொல்லப்போவது எமக்குத் தெரியும். அவர்கள் கபடிகள் அல்லர். அவருட் சிலர் பிற்காலத்தில் மிக நேர்மையாக வாழ்ந்ததை யாம் அறிவோம். உள்ளத்தில் நிகழ்ந்ததைச் சொல்லென்று ஒரு சபை கேட்குமாயின், உள்ளத்தைத் தேடிப் பாராமல் முன்னவன் சொன்னதையே சொல்லுதல் மனித இயல்பு. நமது பாடசாலை விழாக்களில் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுக்கப்படும் பக்தியும் இவ்வினத்ததே என்பதைச் சொல்லாதுவிட்டால் யாம் நடுநிலை தவறியவராவோம். அப்பாடசாலையிலே வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும் பையனை நிறுத்தி, "நல்லது, திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்பார். அதற்கு எவனிடமும் மனனஞ் செய்த விடை இராது.

இனி, ஏன் என்னும் சொல்லையே சிறிது ஆராய்வாம். குடம் உண்டானது எதனால் என்று கேட்டால், மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நம் ஆசிரியர்கள் சைவபாட வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கின்றனர். ஒரு காரியத்துக்குக் காரணம் ஒன்றன்று என்பதை இவ்வளவு தெளிவாய்க் கற்பிக்கும் யாம், ஒரு பையன் வைத்தியனாக விரும்புவதற்கு மாத்திரம் ஒரே காரணத்தைத் தேடுகின்றோம். அதுவும் கருணையாயிருத்தல் வேண்டும் என்கின்றோம். பிள்ளையின் இயற்கை, அறிவின் போக்கு, நோயாளியைக் கண்டால் ஓடாமல் நிற்கும் உறுதி ஆகியவை மண் போல்வன. தாய்தந்தையரின் ஆசை, அயலாரின் மதிப்பு, தொழிலின் நிலைபேறு, சம்பளம், ஆண்மகனாயின் வைத்தியருக்கு இவ்வூரில் ஏறிநிற்கும் சீதனவிலை, எல்லாம் சக்கரமும் தண்டும். இவற்றையெல்லாங் கொண்டு, இதனை யான் செய்வேன் என்று அவனே துணிவது நிமித்தம். சக்கரமில்லாமற் குடம் வனைந்தேன் என்று எந்தக் குயவனும் பெருமை பேசுவதில்லை. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையோ சக்கரத்தை மறைத்துவைத்துவிட்டே பேசவேண்டியிருக்கின்றது. சீதனத்தைச் சக்கரத்தோடு சேர்த்து எண்ணியதற்கு வாசிப்போர் சிலர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும், அதனை மறைப்பதைவிட ஒழிப்பது நன்று.

மறையாது சொன்னவர் ஒருவரை யாம் அறிவோம். சார்ள்ஸ் டார்வின் என்னும் உயிர்நூற் பேரறிஞர் வைத்தியரின் மகன், வைத்தியரின் பேரன். 1825ஆம் ஆண்டு, பதினாறு வயதில், தந்தையார் அவரை வைத்தியங் கற்க எடின்பரோவுக்கு அனுப்பினார். பிறர் நம்பிக்கையைப் பெறும் தன்மை மகனிடம் உண்டென்றும், அதனால் வைத்தியத்தில் விளங்குவான் என்றும் தந்தையார் கருதினார். ஆங்கே, மயக்கமருந்து வழங்காத அக்காலத்தில், இரண்டு சத்திரசிகிச்சைகளைக் கண்டு, அவற்றுள் ஒன்று குழந்தைக்குச் செய்யப்பட்டது, முடியுமுன் வெளியே ஓடிவிட்டார். அந்த அருவருப்பு மாத்திரமே தாம் வைத்தியத்தைக் கைவிட்டதற்குக் காரணம் என்று அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கலாம், வாசிப்போர் இரங்கியிருப்பர். ஆனால், வாழ்வுக்குப் போதிய பொருளைத் தந்தையார் விட்டுச்செல்வார் என்று தெரிந்துகொண்டமையே கல்வியில் முயற்சி தளர்ந்ததற்குப் போதிய காரணமாயிற்று என்றும் எழுதிவைத்தார். இயற்கையின் கூற்றை உள்ளபடி எழுதுதலையே தொழிலாகக் கொண்டவர் தம்மையும் அவ்வாறே எழுதினார்.

இதற்கு மறுதலையான ஓர் உதாரணம் எமது நாட்டிலேயே உண்டு. அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; இடையிற் சில ஆண்டு தாய்நாடு சென்றது நீங்கலாக 1873 வரை இருந்தார்; மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தினார்; அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியராக்கினார்; உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழிற் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் அச்சிட்டார். தாம் வந்தது மதம் பரப்புதற்பொருட்டே என்பதை அவர் ஒருபோதும் மறைத்தாரில்லை. அவரை ஒரு நேர்முகப் பரீட்சைக் குழுவின் முன் நிறுத்தி, அக்குழுவிலே சைவர் மூவர் இருந்திருப்பாராயின், அவருக்கு இடங் கிடைத்திராது. ஆனால் அவர் கையால் நோய் தீர்ந்த சைவர் தொகை சிறிதன்று. நோக்கம் ஒன்றாக, விளைவு வேறொன்றாக முடிந்தது. அவ்விளைவையே யாம் இன்றும் போற்றுகின்றோம்.

கிறீன் வைத்தியர் தம் மாணாக்கர் விஷயத்திற் செய்த ஒரு காரியம் இங்கே மிகவும் பொருந்துவது. முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, 1860களிலே தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவன் தன் கிராமத்தில் நிலைத்திருந்து தன்னவர்க்கு வைத்தியஞ் செய்வான் என்பது அவர் கருதிய காரணங்களுள் ஒன்று. மாணாக்கருக்குச் சம்பள ஆசை உண்டென்பதை அவர் அறிந்தார். அதற்காக அவர்களிடம் பிரதிக்கினை வாங்கிக்கொண்டிருக்கவில்லை. கல்வியின் மொழியையே மாற்றி, ஆசை ஓடும் வாய்க்காலுக்கு அணைகட்டினார். ஏன் வைத்தியனாகிறாய் என்று கேட்பதிலும் இது பயனுள்ளது என்று எமக்குத் தோன்றுகின்றது.

இவ்வளவுஞ் சொன்னபின் ஒரு தடை எழுகின்றது. நோக்கம் கலப்புடையதாயிருப்பினும் குற்றமில்லை, விளைவே பெரிதென்றால், யாம் எழுதிக்கொடுத்த விடையிலே குற்றம் என்னை? அம்மம்மா இறந்தது மெய். பையன் அவர்மீது அன்புடையவனாயிருந்ததும் மெய். கையைப் பற்றிக்கொண்டு நின்றதொன்று மாத்திரமே கற்பனை. நல்ல வைத்தியன் ஒருவன் அதனாலே நாட்டுக்குக் கிடைப்பானாயின் என்ன கேடு? மேலும் வசதியுடையோர் கூலிகொடுத்துப் பயிற்றுநரை அமர்த்தித் தம் பிள்ளைகளுக்கு விடை கற்பிக்கின்றனர். கடையொன்றிலே நின்று உழைக்கும் தகப்பனாரின் பிள்ளைக்கு ஊர் வாத்தியார் எழுதிக்கொடுத்தது நியாயமன்றோ?

இந்தத் தடையின் பிற்பகுதி எம்மைப் பல நாள் வருத்திற்று. அதிலே நியாயம் உண்டு. பிள்ளை சபையிலே எவ்வாறு அமர்தல் வேண்டும், வினா விளங்காவிட்டால் எவ்வாறு மீட்டுக் கேட்டல் வேண்டும், அச்சத்தை எவ்வாறு அடக்குதல் வேண்டும் என்பவற்றையெல்லாம் ஆசிரியர் கற்பிக்கலாம்; கற்பித்தல் கடன். அவன் அனுபவித்ததைக் கேட்டறிந்து, இதனை முன்னே சொல், அதனைப் பின்னே சொல் என்று ஒழுங்குசெய்து கொடுத்தலும் தகும். அவன் உணராததை உணர்ந்தாய் என்று எழுதிக்கொடுத்தலே தகாதது. அது வறியவனுக்குச் செய்த உதவியென்று யாம் எம்மைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. அவ்வறியவனிடம் சொந்தமாயிருந்த ஒரே பொருளாகிய அவனது நினைவையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக எமது நினைவொன்றை வைத்தோம். அன்றி, அவ்வினாவுக்குரிய உண்மையான காட்சி மற்றொருவருக்குச் சொந்தமாயிருந்தது. முட்டு இழுக்க இழுக்கத் தாயை மார்பிற் சாய்த்து இருளிலே சென்ற மகளுக்கு, தன் மகன் வாயிலிருந்து அது களவுபோன பொருளாய்த் திரும்பி வந்தது. அவர் எம்மைக் குறைசொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருக்கும்.

கருத்துக் கலப்பாயிருத்தல் வேறு, நிகழாததை நிகழ்ந்ததென்றல் வேறு. தன் உள்ளத்திற் கருணை எவ்வளவு, புகழாசை எவ்வளவு என்று பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஐம்பது வயது கடந்த எமக்கும் எம் தொழிலைப்பற்றி அது தெரியாது. அறியாததை அறியேன் என்றல் பொய்யாகாது. அன்றிரவு நித்திரையாயிருந்தோம் என்பதோ அவனுக்குத் தெரியும்.

நல்ல வேடத்தைப் பூண்டவன் நாளடைவில் நல்லவனாதல் கூடாதோ என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதித்தார். கருணையுடையேன் என்று பலமுறை சொன்னால் கருணை வருமாம். கூடும், மறுக்கமாட்டோம். ஆயினும் மெய்ப்பொருள்நாயனார் வரலாற்றை அவருக்கு நினைவூட்டினோம். வேடத்தை வணங்கிய நாயனாரின் பெருமை பெரிதே. அதனாலே முத்தநாதன் மறைத்துவைத்த கத்தி மழுங்கிப்போகவில்லை.

இனி, அவ்வினாவுக்குத் தக்க விடைதான் யாது? பரீட்சகராயிருந்தோர் எழுதியவற்றையும் சொல்லியவற்றையும் யாம் தேடிப் படித்த அளவில், முதல் விடையை அவர்கள் பெரிதாகக் கருதுவதில்லை என்று தெரிகின்றது. பிறர்க்கு உதவ விரும்புகின்றேன் என்று பிள்ளை சொன்னவுடன், ஆசிரியரும் உதவுகின்றார், தாதியும் உதவுகின்றார், நீர் தாதியாக விரும்பாததேன் என்று கேட்பர். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். வைத்தியனே நோயைத் தீர்ப்பவன், மற்றையோர் ஏவல்செய்வோர் என்ற எண்ணம் அவர்களை அறியாமலே வெளிப்பட்டுவிடும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் வைத்ததோடு, அருகிருந்து மருந்தூட்டுவோனையும் அவற்றுக்கு ஒப்பவே வைத்தார். அதனை ஓராண்டேனும் சிந்தித்துப் படித்த பிள்ளை இவ்வினாவுக்கு அஞ்சவேண்டியதில்லை. நோயாளி பக்கத்தில் எட்டு மணிநேரம் நிற்பவர் தாதி. நோய் இன்னதென்று துணிந்து, அத்துணிவு பிழைத்தால் அப்பழியையும் ஏற்பவர் வைத்தியர். எனக்கு அத்துணியும் வேலையிலே விருப்பம், அப்பழியைச் சுமக்கவும் உடன்பாடு என்று சொல்லக்கூடிய பிள்ளை தொழிலை அறிந்து பேசுகின்றான். அங்கே ஐந்தாண்டு கற்றபின் இரண்டாண்டு பயிற்சி. இங்கே ஐந்தாண்டின்பின் ஓராண்டு. இரவுக் கடமை, பண்டிகை நாளிலும் விடுமுறையின்மை, தன் கையிலே ஒருவர் இறத்தல், அதனை வெளியே காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் என இவற்றை எண்ணிப் பார்த்தவனா என்பதை அறிதற்கே அவ்விரண்டாம் வினா எழுகின்றது.

வைத்தியர் தாமும் நோயாளியிடம் முதலிற் கேட்பது ஏன் என்னும் வினாவே என்பதை நினைக்க. ஏன் வந்தீர் என்பார். நோயாளி ஆயத்தஞ் செய்துவந்த விடையைச் சொல்லுவார்: தலையிடி என்பார், நித்திரையின்மை என்பார். நல்ல வைத்தியர் அதனைக் கேட்டுவிட்டு, வேறு என்ன என்பார். கதவுவரை சென்று திரும்பி நின்றுதான் சிலர் உண்மையைச் சொல்லுவர். குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பவரும், மருந்தைக் குப்பையில் எறிந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பவரும் நாள்தோறும் அவர்முன் அமர்வர். அவர்களை இகழாது உண்மையை வரவழைத்தல் வைத்தியரின் பாதித் தொழில். அத்தொழிலின் வாயிலிலே, அழகான பொய்க்கு நல்ல புள்ளி கிடைக்கும் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு உள்ளே போவானாயின், பிற்காலத்தில் நோயாளியின் அழகான பொய்யை அவன் எவ்வாறு அறிவான்?

அப்பையன் பின்னர் எம்மோடு ஒருமுறை பேசியபோது, சனிக்கிழமைகளில் முதியோர் இல்லமொன்றுக்குத் தான் போய்வந்ததைப்பற்றி யாம் முதன்முறையாகக் கேட்டோம். ஏழு மாதம் போயிருக்கின்றான். விண்ணப்பத்துக்கு வேண்டுமென்பதற்காகவே போகத் தொடங்கினானாம். முதல் நாள் மூத்திர வாடை தாங்காமல் வெளியே வந்து நின்றானாம். ஒரு கிழவர் தினமும் தன்னை வேறொருவர் பெயரால் அழைத்தாராம். முதலில் திருத்தினான், பின்னர்த் திருத்தாமல் அப்பெயருக்கே ஏன் என்று மறுமொழி கொடுத்தானாம். விண்ணப்பத்தை அனுப்பியபின்னும் போவதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டோம். "தெரியேல்லை சேர். அந்தக் கிழவர் பார்த்துக்கொண்டு இருப்பார்" என்றான். இதனை நேர்முகத்திற் சொன்னாயா என்று கேட்டோம். "நீங்கள் எழுதித் தந்ததிலே இது இல்லையே" என்றான்.

எமது பாடசாலையிலே இவ்வாண்டு உயிரியல் கற்கும் பிள்ளைகளுள் ஒருத்தி, வைத்தியப் பீடத்துக்குப் போதிய புள்ளி எடுப்பாள் என்று எல்லாரும் நம்புகின்ற பிள்ளை, சென்ற வாரம் நற்சான்றுப் பத்திரத்தின்பொருட்டு எம்மிடம் வந்தாள். வைத்தியராக விரும்புவது ஏன் என்று கேட்டோம். இங்கே எவரும் கேளாத வினாவாதலால் அவள் திகைத்தாள். "வீட்டிலே சொன்னார்கள்" என்றாள். பின்னர், அது பிழையான விடையோ என்று எம் முகத்தைப் பார்த்தாள். பிழையில்லை, அது சக்கரம் என்றோம். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கச் சொல்லிவிட்டு, மண்ணைப்பற்றியும் யோசித்துக்கொண்டு வா, அவசரமில்லை என்றோம். அவள் இன்னும் வரவில்லை. யாமும் எதனையும் எழுதிவைக்கவில்லை.